ஒன்பதாம் அறையில் மணி அடிக்கவில்லை

அசையக் கூடாது. மூக்கு அரிக்கிறது, அரிக்கட்டும், மூக்குதானே, கழன்றா விழப்போகிறது. வலது கையைத் தூக்கினால் முந்தானை இழுபடும், முந்தானை இழுபட்டால் அம்மா எழுந்துவிடுவாள், அம்மா எழுந்துவிட்டால் எல்லாம் தீர்ந்தது. இடது கை இடுப்புக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டி மரத்துப்போய், யாருடைய கையோ போலக் கிடக்கிறது. கோட்டீஸ்வரி கீழுதட்டை நீட்டி மூக்குப் பக்கமாக ஊதிப் பார்த்தாள். அரிப்பு போகவில்லை, இன்னும் கொஞ்சம் அகலமாகப் பரவியது. மேலே ஃபேன் மூன்று சுற்றுக்கு ஒரு தடவை டக் என்றது. அம்மா வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். நிஜமாகவே தூங்குகிறாள், பட்டப்பகலில், நாலு சுவருக்குள்ளே, மல்லாக்கப் படுத்து. இந்த அறைக்கு வந்து முப்பத்தொன்பது நாள் ஆகிறது. வராந்தாவில் உட்கார்ந்தபடி கண் அசந்திருக்கிறாள், பூண்டு உரிக்கப் போகிற இடத்தில் சாக்கு மூட்டை மேல் சாய்ந்து அசந்திருக்கிறாள், இந்த அறைக்குள் மட்டும் ஒரு நாளும் இல்லை. இன்றைக்கு மத்தியானம் சாம்பார் சோற்றைத் தின்றுவிட்டுத் தட்டைக் கழுவக்கூட எழுந்திருக்காமல் அப்படியே சரிந்துவிட்டாள். சரிகிறபோதும் கை தன்னால் முந்தானையைத் தேடி இவள் மணிக்கட்டில் சுற்றியது. சுற்றி முடிச்சுப் போட்டு, அந்த முடிச்சை ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் தூங்கினாள். தூங்கு, எம்மா. நல்லா தூங்கு. மூணு நாளாக அந்தக் கண்ணைப் பார்க்கவே பயமாக இருந்தது, மிளகாய்ப் பொடி தூவினது மாதிரி.

முந்தானை விஷயத்தை வெளியே சொன்னால் சிரிப்பார்கள், பதினேழு வயசு எருமை மாட்டைக் கட்டிப்போட்டுத் தூங்குகிறாளா உங்கம்மா என்பார்கள். வால்டாக்ஸ் ரோடு பிளாட்பாரத்தில் யாரும் சிரிக்கமாட்டார்கள். அங்கே பெண் பிள்ளை வைத்திருக்கிற எல்லாருமே அப்படித்தான், சுவர்ப் பக்கம் பிள்ளை, ரோட்டுப் பக்கம் தாய், நடுவில் முந்தானை முடிச்சு. எவனாவது பிள்ளையைத் தூக்கினால் தாய்க்கு இழுக்க வேண்டும். ஒரு தடவை மூணு கட்டுத் தள்ளி ஒரு வீட்டில், வீடாவது ஒன்றாவது, மூணு கோணிப்பை தள்ளி, முடிச்சுப் போட மறந்துபோனவளின் பிள்ளை காணாமல் போய் ரெண்டு நாள் கழித்து ரயில்வே போலீசிடம் கிடைத்தது. கிடைத்தது பெரிய விஷயம். அதற்கப்புறம் அம்மா ரெண்டு முடிச்சுப் போட ஆரம்பித்தாள். "எம்மா, என்ன தூக்கினு போறவன் ரெண்டே நாள்ல அவனே கொண்டாந்து வுட்ருவாம்மா, எனக்குச் சோறு போட்டு மாளாது" என்று இவள் சொன்னாள் ஒரு நாள். அம்மா சிரிக்கவில்லை. "உனக்கு வாய் கீது, அதனால வுட்ருவான். வாய் இல்லாததுங்கோ இன்னா பண்ணும்" என்றாள். அம்மா சொல்வது பாதி நேரம் புரியாது, ஆனால் தப்பாக இருக்காது. அரிப்பு போய்விட்டது. எப்போது போனது? இப்போது குதிகாலில் எறும்பு. எறும்புதானா, இல்லை எறும்பு என்று நினைப்பதாலேயே ஊர்கிறதா.

அம்மா இப்படி மல்லாந்து தூங்கி இவள் பார்த்ததே இல்லை, அதுதான் விஷயம். தூங்குகிற முகம் இப்படியா இருக்கும்? தாடை தொங்கி, மேல்பல்லில் ஒன்று இல்லாத இடம் தெரிய, நெற்றி வழவழவென்று. நெற்றியில் எப்போதும் மூன்று கோடு இருக்குமே, அது எங்கே போனது? தேசம்மா என்று பேர், வயசு முப்பத்தெட்டோ நாற்பதோ, ஆதார் கார்டில் ஒன்று ரேஷன் கார்டில் ஒன்று. பிறந்ததே அந்தப் பிளாட்பாரத்தில்தான், கல்யாணம் பண்ணினதும் அங்கேதான், நைனா மீன்பாடி வண்டி ஓட்டிவந்து மஞ்சக்காமாலையில் போனதும் அங்கேதான். அவ்வளவு வருஷமும் ராத்திரி முழுக்க உட்கார்ந்து காவல், பகலில் கோழித் தூக்கம். கை விரலில் பூண்டு வாசனை, ஓட்டல்காரர்களுக்கு மூட்டை மூட்டையாக உரித்து உரித்து அது தோலுக்குள்ளேயே போய்விட்டது, சோப்புப் போட்டாலும் போகாது. இவளுக்கு அந்த வாசனை வந்தால்தான் தூக்கம் வரும். இதை யாரிடமும் சொன்னதில்லை, சொல்லவும் போவதில்லை. அம்மாவுக்கு லாரி ஆரன் கேட்டால் முழிப்பு வராது, ரயில் போனால் வராது, குடிகாரன் பக்கத்தில் நின்று பாட்டுப் பாடினாலும் வராது. கோட்டீஸ்வரி மூச்சுக்குள்ளே "எம்மா" என்றால் போதும், ரெண்டு காலில் நிற்பாள். நின்றவுடன் கிளம்பிவிடுவாள். அதுதான் பயம். பிளாட்பாரத்தில் ஒருத்தரை எழுப்புவது என்றாலே கிளம்பு என்றுதான் அர்த்தம், கடைக்காரன் ஷட்டரைத் தட்டினாலும் சரி, போலீஸ் லத்தியால் காலைத் தட்டினாலும் சரி, கார்ப்பரேஷன் லாரி வந்தாலும் சரி, கண்ணைத் திறக்கிறதுக்கு முன்னால் சட்டி கையில் இருக்க வேண்டும். முப்பத்தெட்டு வருஷம் அப்படி எழுந்தவள் இன்றைக்கு மட்டும் வேற மாதிரி எழுவாளா. எழமாட்டாள். எழுந்தால் கால் தன்னால் வால்டாக்ஸ் ரோட்டுக்குப் போகும், இது மூன்றாவது தடவை ஆகும், மூன்றாவது தடவை போனால் அறை வேற ஆளுக்கு என்று சிஸ்டர் சொல்லியாயிற்று.

பக்கத்து அறையில் குல்சார்க்கா டிவி போட்டாள். ரெண்டரை மணி சீரியல். அப்படியென்றால் இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது மூணுக்கு. பின்பக்க ஜன்னல் கட்டையில் மணி உட்கார்ந்திருந்தது, பித்தளை மணி, மரக் கைப்பிடி, பள்ளிக்கூடத்து மணியில் பாதி சைஸ். அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. மணிக்கு என்ன தெரியும், அது பாவம். இந்த ஆறுதல் அன்னை இல்லத்தில் பதினாலு அறை. மாதா கோவிலுக்குப் பின்னால் முன்பு எதற்கோ கட்டி வைத்திருந்த ஹாஸ்டலைக் கன்னியாஸ்திரிகள் சுண்ணாம்பு அடித்து, தண்ணீர்க் குழாய் போட்டு, எங்களை மாதிரி ஆட்களுக்குக் கம்மி வாடகைக்குத் தருகிறார்கள், எங்களை மாதிரி என்றால் போக இடமில்லாத ஆட்களுக்கு. வருவதற்கு முன்னால் அம்மா ஒரு வாரம் புலம்பினாள், தலையில தண்ணி ஊத்தி பேரை மாத்திருவாங்கோ, உன்ன மேரின்னு ஆக்கிருவாங்கோ என்று. கடைசியில் நேராகப் போய் சிஸ்டர் பிளாந்தினாவிடமே கேட்டுவிட்டாள். சிஸ்டர் நாகர்கோவில் பக்கம், குட்டையாக, பெரிய கண்ணாடி போட்டு, எப்போதும் எதையோ தேடிக்கொண்டிருக்கிற மாதிரி நடப்பார். "மோட்டர் ரிப்பேராகி மூணு நாளாச்சு. குடிக்கத் தண்ணி இல்லாம கெடக்கோம், உன் தலையில ஊத்த எங்க போவேன் தேசம்மா" என்றார். அம்மா அன்றைக்கே மூட்டையைக் கட்டிவிட்டாள், இங்கே வர. சாமி கும்பிடுவது அவரவர் இஷ்டம், கும்பிடாமல் இருப்பதும் இஷ்டம். சிஸ்டர் போட்ட சட்டம் கொஞ்சம்தான். அதில் ஒன்று மணி. தினமும் மூன்று மணிக்கு வராந்தாவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மணியை ஆட்டிக்கொண்டு நடக்க வேண்டும், எல்லாரும் கோடியில் மாதா சிலைக்கு முன்னால் கூடி கால் மணி நேரம் ஜெபம், அப்புறம் டீ. மணி ஒரு நாளைக்கு ஒரு அறைக்கு. டீ குடித்தவுடன் அடுத்த அறைக்காரர்கள் கையில் கொடுத்துவிட வேண்டும். குல்சார்க்கா துலுக்க வீட்டுப் பொண்ணு, புருஷன் செத்ததும் வீட்டுக்காரன் சாமானைத் தெருவில் வைத்துவிட்டான், அவள்தான் இந்த இல்லத்திலேயே மணியைப் பலமாக அடிப்பாள். ஜெபத்தில் உட்கார்ந்து அவள் சாமியிடம் அவள் பேசிக்கொள்வாள். "அல்லாவுக்கு மூணு மணியும் ஒண்ணுதான், மூணரையும் ஒண்ணுதான். டீ மட்டும் சூடா இருக்கணும்" என்பாள். மணி அடித்தால் அந்த அறையில் ஆள் இருக்கிறார்கள், நல்லா இருக்கிறார்கள் என்று அர்த்தம். சிஸ்டர் அப்படிச் சொல்லவில்லை, ஆனால் எல்லாரும் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறார்கள். இன்றைக்கு மணி ஒன்பதாம் அறைக்கு. அதாவது இவர்களுக்கு.

அடிக்க எழுந்தால் முடிச்சு இழுபட்டு அம்மா எழுந்து ஓடுவாள். அடிக்காவிட்டால், இருக்கிறதிலேயே மோசமான விஷயம் அதுதான், ஏற்கெனவே ரெண்டு தடவை ஒன்பதாம் அறையில் மணி அடிக்கவில்லை. முதல் தடவை மழை பெய்தது. ஓட்டுக் கூரை இல்லை இது, காங்கிரீட், மழை பெய்கிற சத்தமே உள்ளே கேட்கவில்லை. "எவனாவது வந்தாக்கூட தெர்யாதுடி, காதை அடைச்சாப்ல கீது" என்று அம்மா எழுந்து போனாள், இவளும் பின்னாலேயே போனாள், வேற என்ன செய்வது, முடிச்சு இருக்கிறதோ இல்லையோ போகத்தான் வேண்டும். மறுநாள் மணி முறை இவர்களுடையது என்று இவளுக்கு ஞாபகமே இல்லை. மணி அறைக்குள்ளே, அறைக்குள்ளே ஆள் இல்லை, மூணு மணிக்கு இல்லமே வந்து கதவுக்கு முன்னால் நின்றிருக்கிறது. ரெண்டாம் தடவை யாரோ அம்மாக்கள் வந்தார்கள், பட்டுப் புடவை, உதவி செய்கிறவர்கள். அறை அறையாகப் பார்த்துக்கொண்டு வந்து, "வீட்டை ரொம்ப சுத்தமா வெச்சிருக்கீங்களே" என்றார்கள். நல்லதாகத்தான் சொன்னார்கள். அம்மா கையைக் கட்டிக்கொண்டு, "இது உங்க வூடும்மா" என்றாள். அவர்கள் சிரித்துக்கொண்டே போய்விட்டார்கள். அன்றைக்குச் சாயந்திரமே அம்மா கிளம்பிவிட்டாள், மறுநாள் மறுபடி மணி அறைக்குள்ளே, ஆள் வெளியே. "அட்த்தவங்க வூட்ல எத்தினி நாளைக்குடி கால நீட்டி ஒக்கார முடியும்." கால எங்க நீட்டினா அவ, முட்டியைக் கட்டிக்கொண்டு நடு அறையில் உட்காருவாள், சுவரில் சாயமாட்டாள், சுண்ணாம்பு அழுக்காகிவிடுமாம். ஆணி அடிக்கமாட்டாள். ஸ்விட்சைப் போட்டால் உடனே அணைப்பாள், அவங்க கரண்டு. இதோ இப்போதுகூட, செத்துப்போன போன் சார்ஜில் மாட்டியிருக்கிறது அந்தக் கோடியில், மாட்டி ஒரு மணி நேரம் ஆகிறது, ஸ்விட்ச் ஆஃப். இவள் போட்டாள், அம்மா அணைத்துவிட்டாள். ஃபேன் மட்டும் ஓடுகிறது, ஏனென்றால் அதை அணைப்பதற்குள் தூங்கிவிட்டாள். டக். மூன்று சுற்றுக்கு ஒன்று. இல்லை, நான்கு.

இவளுக்கு அறை வேண்டும். சும்மா நல்ல பொண்ணு மாதிரி அம்மாவுக்காக என்றெல்லாம் சொல்லக்கூடாது, இவளுக்கே வேண்டும். பாத்ரூமுக்குக் கதவு இருக்கிறது. கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறது. அவ்வளவுதான் காரணம், வேறெதுவும் பெரிசாக இல்லை. விடிவதற்கு முன்னால் நைட்டியோடு, சுற்றிலும் அம்மா புடவையைப் பிடித்துக்கொண்டு நிற்க, குத்துக்கால் வைத்து, சொம்பு சொம்பாக, பால் வண்டிக்காரன் வருவதற்குள் குளித்து முடிக்கிற ஆளுக்குத்தான் தாழ்ப்பாள் என்றால் என்ன என்று தெரியும். இங்கே வந்த முதல் நாள் உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு ஒன்றுமே செய்யாமல் நின்றாள். நிம்மதியாக நின்றாள். வெளியே குல்சார்க்கா, "இன்னாடி உள்ளயே குடித்தனம் வெச்சிட்டியா" என்று கத்தினபிறகுதான் தண்ணீரையே திறந்தாள். அப்புறம் விலாசம். பத்தாவதில் பரீட்சைக்கு ஃபாரம் எழுதும்போது விலாசம் கேட்டார் சார். பிளாட்பாரம், இரும்புக் கடை எதிரில் என்றாள். வகுப்பே சிரித்தது. "விலாசம்னா போஸ்ட்மேன் வர்ற இடம்மா கோட்டீஸ்வரி" என்றார். பேரை ஒரு மாதிரி நீட்டிச் சொன்னார், கோ...ட்டீஸ்வரி. கோடி ரூபாய்க்காரியாம். "போஸ்ட்மேன் அங்கதான் சார் டீ குடிப்பாரு, நான் பேசி வெச்சிக்கிறேன்" என்றாள் இவள். அதற்கும் சிரித்தார்கள், இந்தத் தடவை சாரைப் பார்த்து. வெளியே நிற்கச் சொன்னார். நின்றாள். அப்புறம் உள்ளே போகவில்லை, அன்றைக்கும் சரி மறுநாளும் சரி. படிப்பு வராமல் நின்றாள் என்று யாராவது சொன்னால் கோபம் வரும், கணக்கில் எழுபத்தொன்று. இப்போது சிஸ்டர் திரும்ப எழுதச் சொல்கிறார், தனியாக எழுதலாமாம், ஃபாரம் வாங்கி மேஜை மேல் வைத்திருக்கிறார், விலாசம் என்ற இடத்தில் அவரே அறை எண் ஒன்பது என்று எழுதிவிட்டார். பென்சிலில். பென்சிலில்தான் எழுதியிருந்தார். பேனாவால் எழுதினால் என்னவாம். சரி, அவருக்கும் தெரியாதில்லையா இருப்பார்களா போவார்களா என்று. அவரைச் சொல்லிக் குத்தமில்லை. அறைக்கு வரிசையில் அடுத்து இருப்பது தனம் சித்தி, அம்மாவின் கூடப் பிறந்த தங்கச்சி, ரெண்டு கைப்பிள்ளையோடு அதே இரும்புக் கடை எதிரில். மழைக்காலம் வருவதற்குள் உள்ளே வந்துவிட வேண்டும் என்று தினமும் ஆபீசுக்கு வந்து கேட்டுவிட்டுப் போகிறாள். போகிறபோது இவளைப் பார்த்தால் சிரிப்பாள், அந்தச் சிரிப்பில் ஒன்றும் தப்பு இல்லை, அதுதான் கஷ்டம். தனம் சித்திக்கும் வேண்டும், இவளுக்கும் வேண்டும். இவள் நல்ல பொண்ணாக இருந்தால் விட்டுக்கொடுப்பாளோ என்னவோ. மாட்டாள்.

டிவியில் பாட்டு வந்தது. சீரியல் முடிகிற பாட்டு. முடிந்துவிட்டதா அதற்குள்ளே, விளம்பரமே போடவில்லையா இன்றைக்கு. நெஞ்சு அடித்துக்கொண்டது, அது அடிக்கிற சத்தம் அம்மாவுக்குக் கேட்கப்போகிறது. குல்சார்க்கா டிவியை அணைத்தாள், கதவைத் திறந்தாள், செருப்பை மாட்டினாள், வராந்தாவில் நின்றாள். நிற்பது தெரிகிறது. மணிக்காக நிற்கிறாள். இப்போது அடிக்க வேண்டும். கையை மெல்ல உருவி, முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்து, ஓசையில்லாமல் எழுந்து, மணியின் நாக்கைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்... முடிச்சைத் தொட்டாலே எழுந்துவிடுவாள். ஆறு வயசில் ஒரு தடவை ஒண்ணுக்குப் போக அவிழ்த்தாள், முதுகில் விழுந்த அறை இன்னும் ஞாபகம் இருக்கிறது, அறைந்துவிட்டு அம்மாதான் அழுதாள். வராந்தாவில் ஒவ்வொரு கதவாகத் திறந்தது. பெஞ்சமின் அண்ணன் தொண்டையைச் செருமினார், அவர் முன்பு லாட்ஜில் வாட்ச்மேன், கால் உடைந்ததும் வேலையும் படுக்க இடமும் சேர்ந்து போனது, இங்கே பாட்டு எடுத்துக் கொடுப்பது அவர்தான், பாட்டு ஒரு பக்கம் போனால் அவர் ஒரு பக்கம் போவார். மணி எங்கே, யார் முறை இன்றைக்கு, ஒன்பதா, ஒன்பது இல்லையே, ஒன்பதுதான். செருப்புச் சத்தம் இந்தப் பக்கமாக வந்தது. வந்து கதவுக்கு வெளியே நின்றது, ஒரு செருப்பு இல்லை, பத்து, பதினைந்து.

கதவு சும்மா சாத்தித்தான் இருந்தது, உள்ளே தாழ் இல்லை. அம்மா போட விடமாட்டாள், தீப்பிடித்தால் ஓட வேண்டுமே. தள்ளினால் திறந்துவிடும், திறந்து பார்த்தால் ரெண்டு பேரும் கிடப்பது தெரிந்துவிடும், யாராவது தள்ளுங்களேன். தள்ளமாட்டார்கள். சிஸ்டரின் இன்னொரு சட்டம் அது, உள்ளேயிருந்து குரல் வராமல் யாருடைய கதவையும் யாரும் தள்ளக்கூடாது, நானும்தான் என்பார்.

"செருப்பு இல்ல பாத்தியா" என்றாள் குல்சார்க்கா, மெதுவாக. செருப்பு இங்கே இருக்கிறது அக்கா, தலைக்கு அடியில் இருக்கிறது. வெளியே விட்டால் காணாமல் போகும் என்று பிளாட்பாரத்தில் எல்லாரும் தலைக்கு அடியில் வைத்துத்தான் தூங்குவார்கள், இங்கே எவன் எடுக்கப்போகிறான் என்று எத்தனை தடவை சொல்லியும் அம்மா கேட்கவில்லை, ரெண்டு ஜோடியையும் துணியில் சுற்றி இதோ, இவள் காதில் குத்துகிறது வார்.

"ரெண்டு ஜோடியும் இல்லியா?" சிஸ்டர் குரல்.

"ஒண்ணும் இல்ல சிஸ்டர். காலைல பாத்தேன், அந்தம்மா கண்ணு செக்கச்செவேல்னு இருந்துச்சி. இன்னா தேசம்மான்னேன். மூணு நாளா தூங்கலன்னுச்சி. எனக்கு அப்பவே தெரியும், போய்ரும்னு."

"போன் போட்டுப் பாத்தியளா?"

"சுவிட்ச் ஆஃப்."

"பாவம் அந்தப் பொண்ணு" என்றார் பெஞ்சமின் அண்ணன். பாவமாம். இவளுக்குக் கோபம் வந்தது, நான் உள்ளதான் கீறேன், நான் ஒண்ணும் பாவம் இல்ல, நீங்க பாட்டு எடுக்காம இருந்தா அதுவே போதும் என்று கத்த வேண்டும் போல இருந்தது. வாயைத் திறந்தாள். அம்மாவின் விரல் அசைந்தது. ஒரே ஒரு விரல், காற்றில் பூண்டு உரிக்கிற மாதிரி. மூடிக்கொண்டாள்.

"தேசம்மா?" சிஸ்டர் கூப்பிட்டார், ரொம்ப மெதுவாக, சும்மா பேருக்கு. "பிள்ளே, கோட்டீஸ்வரி?"

இப்போது சொல்ல வேண்டும். ஒரு உம் போதும், ஒரு இருமல் போதும். இருமினால் அம்மா எழுவாள். எழுந்தால் ஓடுவாள், இருபது பேர் வாசலில் நிற்கிறார்கள், அதைப் பார்த்தால் லாரி வந்துவிட்டது என்றுதான் நினைப்பாள், இந்த ஜென்மத்தில் திரும்ப இதற்குள் காலை வைக்கமாட்டாள். இருமாவிட்டால் அறை போய்விடும். இருமினாலும் போய்விடும். இருமினால் தூக்கமும் போய்விடும். இந்தக் கணக்கை எப்படிப் போட்டாலும் ஒரே விடைதான் வருகிறது, எழுபத்தொன்று வாங்கின மூளைக்கு. ரெண்டிலும் அறை இல்லை. ஒன்றில் மட்டும் தூக்கம் இருக்கிறது.

"சாயங்காலம் வரைக்கும் பாக்கலாமே சிஸ்டர்" என்றாள் குல்சார்க்கா. "எங்கனா கடைக்குப் போயிருப்பாங்கோ."

"பாக்கலாம். எனக்கு மட்டும் ஆசையா? அந்தப் பிள்ளைக்கு ஃபாரம் வாங்கி வச்சிருக்கேன். ஆனா தனம் ரெண்டு பச்சப்பிள்ளைய வச்சிக்கிட்டு நித்தமும் வந்து நிக்கா. அவகிட்ட நான் என்னன்னு சொல்லட்டும்?" சிஸ்டர் மூக்கை உறிஞ்சினார். சளியா, அழுகையா, இவருக்கு எப்போதும் சளிதான். "ஆறு மணிக்கு தனத்துக்குச் சொல்லிருவோம்."

சொல்லுங்கள். தனம் சித்திக்கே சொல்லுங்கள். இவள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். வாய் ஓரத்தில் கொஞ்சம் எச்சில் வழிந்திருந்தது, சின்னப் பிள்ளைக்கு வழிகிற மாதிரி, யாரும் பார்க்கமாட்டார்கள் என்று இருக்கிற ஆளுக்குத்தான் அப்படி வழியும். போனால் போகட்டும் தாழ்ப்பாள். விடியறதுக்கு முன்னால் குளித்தால் செத்தா போய்விடுவோம், இத்தனை வருஷம் குளிக்கவில்லையா. ஃபாரத்தில் பென்சிலால்தானே எழுதியிருக்கிறார், அழித்துக்கொள்வார். இன்னும் ஒரு மணி நேரம், முடிந்தால் ரெண்டு மணி நேரம், ஆறு மணி வரைக்கும் இது எங்கள் அறைதானே, அதுவரைக்கும் தூங்கட்டும். கண்ணில் தண்ணீர் வந்து காதுக்குள் போனது. துடைக்கக் கை இல்லை. போகட்டும்.

வெளியே ஒருத்தரும் நகரவில்லை. மணி அடிக்காமல் ஜெபத்துக்குப் போவதா, மணி உள்ளே இருக்கிறதே அதை எப்படி எடுப்பது, நாளைக்குப் பத்தாம் அறைக்காரர்கள் எதை அடிப்பார்கள் என்று ஆளுக்கு ஆள் பேச ஆரம்பித்தார்கள். முதலில் கிசுகிசுவென்றுதான் இருந்தது. உள்ளே ஆள் இல்லை என்று முடிவானவுடன் குரல் ஏறிவிட்டது. தட்டை எடுத்து அடிக்கலாம் என்றார் பெஞ்சமின் அண்ணன். தட்டை அடிச்சா சோறுன்னு நெனச்சி ஓடியாருவாங்கோ என்றாள் குல்சார்க்கா. யாரோ சிரித்தார்கள். பெஞ்சமின் அண்ணன், சரி நான் பாடறேன், பாட்டு கேட்டா வந்துருவாங்க என்று, அங்கேயே, கதவுக்கு முன்னாலேயே, மாதாவைக் கூப்பிட்டு ஒரு இழுப்பு இழுத்தார்.

குடிகாரன் பாட்டுக்கு அசையாதவளின் முந்தானை விருட்டென்று இழுபட்டது. கோட்டீஸ்வரி நிமிர்வதற்குள் முடிச்சு போய்விட்டது, எப்படி அவிழ்த்தாள் என்றே தெரியவில்லை, அம்மா நின்றுகொண்டிருந்தாள். முடி அவிழ்ந்து, கண் பாதி திறந்து, எங்கே இருக்கிறோம் என்று தெரியாத முகம். "எம்மா" என்றாள் இவள். அம்மாவுக்குக் காதில் விழவில்லை. ரெண்டே எட்டில் கதவுக்குப் போய்விட்டாள். மூணாவது. முடிந்தது. இவள் எழுந்து பின்னால் ஓடப் பார்த்தாள், இடது கை மரத்துப்போய் ஊன்ற முடியவில்லை, குப்புற விழுந்தாள். கதவு படாரென்று திறந்தது.

"இன்னா சத்தம் இங்க?"

பாட்டு நின்றது. அம்மா நிலைப்படியில் ரெண்டு கையையும் ரெண்டு பக்கத்துச் சுவரிலும் ஊன்றிக்கொண்டு நின்றாள். இவளுக்கு அம்மாவின் முதுகு மட்டும்தான் தெரிந்தது, முதுகுக்கு அந்தப் பக்கம் ஒரு வராந்தா நிறைய முகம்.

"ஒரு வூட்ல மனுஷங்கோ தூங்குறது தெர்ல? எல்லாம் பெரியவங்கோதானே? வாசல்ல நின்னுகினு கத்தினா இன்னா அர்த்தம்?"

ஆரன் அடிக்கிற லாரியைப் பார்த்து, ஷட்டரைத் தட்டுகிற கடைக்காரனைப் பார்த்து, எவனைப் பார்த்தும் அம்மா இப்படிக் கேட்டு இவள் கேட்டதில்லை.

"இல்ல தேசம்மா, மணி..." என்று சிஸ்டர் ஆரம்பித்தார்.

"மணி நாளிக்கி அடிக்கிறேன். ஒரு நாளு அடிக்கலன்னா உங்க மாதா கோச்சிக்குமா? தூங்குறவள எழுப்புன்னு அது சொல்லிச்சா?"

"சொல்லல" என்றார் சிஸ்டர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மாதா அப்படி ஒண்ணும் சொல்லல. தப்பாப் போச்சு, போயி தூங்கு."

"நீ இன்னாத்துக்கு சிரிக்கிற?" இது குல்சார்க்காவுக்கு.

"நான் எங்க சிரிச்சேன், நான் பாட்டுக்கு நிக்கிறேன்."

"போங்க. போயி அங்க பாடுங்க. மெதுவா."

கதவைச் சாத்திவிட்டு அம்மா வந்தாள். இவள் குப்புறக் கிடப்பதைப் பார்த்தாள். "நீ இன்னாடி முழிச்சினுகீற, தரைல நீச்சலா அடிக்கிற, கம்னு படு" என்று சொல்லிவிட்டு, படுத்து, ஒருக்களித்து, முகத்தைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிக்கொண்டாள். இவள் அப்படியே கிடந்தாள். சிரிப்பு வந்தது, வாயில் முழங்கையை வைத்துக் கடித்துக்கொண்டாள். வெளியே அவர்கள் கிளம்பினார்கள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும், வெறுங்கால் சத்தம், ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்து, தேசம்மா தூங்குகிறாள் என்று இருபது பேர். சிஸ்டர் ஏதோ கிசுகிசுத்தார், குல்சார்க்கா அதற்கும் கிசுகிசுவென்று பதில் சொன்னாள். வராந்தாவின் அந்தக் கோடியில் ஜெபம் ஆரம்பித்தது, பெஞ்சமின் அண்ணன்கூட மூக்குக்குள்ளேதான் பாடினார், அப்படிப் பாடும்போது கொஞ்சம் ஒழுங்காகவே இருந்தது. டீ அண்டாவின் மூடியை யாரோ தவறவிட்டார்கள். அது கீழே விழுந்து உருண்டு உருண்டு சுற்றியது. நாலைந்து குரல் ஒரே நேரத்தில் உஷ் என்றன.

"யார்றா அது" என்றாள் அம்மா, கண்ணைத் திறக்காமல்.

சுற்றிக்கொண்டிருந்த மூடியை யாரோ கையால் அமுக்கி நிறுத்தினார்கள்.